நான்கு காய்ச்சலும் ஒரு குழந்தையும்

எவாஞ்சலின் அந்தப் பிளாஸ்டிக் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக உள்ள தட்டு. ஒவ்வொரு குழியிலும் காய்ச்சல் கண்ட ஒருவரின் ரத்தநீர் சில துளிகள். கிருமி இருந்தால் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் போலவே நிற்கும். ஒரு நோயாளிக்கு நான்கு குழிகள்: டெங்கு, சிக்குன்குனியா, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல். பெரும்பாலும் நான்கில் ஒன்று மஞ்சளாகும், அல்லது எதுவும் ஆகாது. இந்த ஒருவருக்கு மட்டும் நான்கும் மஞ்சள்.

"இதென்ன கூத்து," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு செய்யும் ஒரு பழைய கம்பெனியின் மாடியில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். கீழே இரும்பு அடிக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மழைக்காலத்தில் சின்ன கிளினிக்குகளுக்கு வரும் காய்ச்சல் எந்தக் காய்ச்சல் என்று அங்கேயே சொல்லிவிடும் ஒரு சோதனையை உருவாக்குவதுதான் எவாஞ்சலினின் வேலை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து டாக்டர்கள் சிலர் தங்களிடம் வரும் நோயாளிகளின் சம்மதம் வாங்கி ரத்தம் அனுப்புவார்கள். இது முத்தாபுதுப்பேட்டையிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் வந்து, உறைபெட்டியில் இருந்தது.

தவறு தன்னுடையது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். தட்டைச் சரியாகக் கழுவவில்லையோ, குழிக்குக் குழி சிந்திவிட்டதோ என்று மறுபடியும் முதலிலிருந்து செய்தாள். நான்கும் மஞ்சள். புது டப்பா பிரித்துச் செய்தாள். மறுபடியும் அதே மஞ்சள்.

அவளுடைய மேலாளர் ராகவன் வந்து எட்டிப் பார்த்தார். திருச்சிக்காரர். எதையும் உரக்கப் பேசமாட்டார்.

"நாலு காய்ச்சலும் ஒரே நேரத்துல ஒரே ஆளுக்கு வந்தா அந்த ஆள் ஐசியூல இருக்கணும் எவா. இது கெட்டுப்போன சாம்பிள். தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க."

"கெட்டுப்போனதா இருந்தா நிறம் மங்கலா வரும் சார். இது பளிச்சுன்னு வருது."

"அப்போ என்னன்னு நினைக்கிறீங்க?"

"தெரியல சார்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். எவாஞ்சலினுக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை. முத்தாபுதுப்பேட்டை டாக்டர் ஜெயராமனுக்கு போன் செய்தாள்.

"அந்தம்மாவா?" என்றார் அவர். "ரெண்டு நாள் காய்ச்சல், சாதாரண மாத்திரை குடுத்தேன், சரியாப் போச்சு. ஐசியூவெல்லாம் இல்ல, மறுநாளே வேலைக்குப் போயிட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் வேற ஒரு பிரச்சினை ஓடிட்டிருக்கு. அதை நான் சொல்லக் கூடாது. அவங்களையே கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "வரச் சொல்றாங்க. கொஞ்சம் பாத்துப் பேசுங்க."

மறுநாள் எவாஞ்சலின் ரத்தம் எடுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளில் ஒன்றின் கீழ்த்தளம். கதவைத் திறந்தவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். லேத் பட்டறைக்காரர்களுக்கு இருக்கும் எண்ணெய்க் கறை விரல் இடுக்கில் ஏறியிருந்தது. பேர் உத்தமன், பாடிப் பகுதியில் ஒரு பட்டறையில் வேலை.

"பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்தா வர்றீங்க?"

"இல்லைங்க. நான் அம்பத்தூர் ஆய்வுக்கூடம். உங்க வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ எடுத்த ரத்தம்..."

"காய்ச்சலா?" அவன் முகம் குழம்பியது. "காய்ச்சல் தான் அப்பவே வுட்டுப் போச்சே. இப்ப கீற பேஜாரு வேற மேடம். உள்ள வாங்க."

உள்ளே கட்டிலில் சுரேகா உட்கார்ந்திருந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதி கார்மென்ட்ஸில் செக்கிங் பிரிவில் இருப்பவள். இப்போது லீவு. பேசும்போது உதட்டை ரொம்பத் திறக்காமல் பேசினாள். வாயெல்லாம் புண் என்றாள்.

"இன்னா ஆச்சுன்னு நானே சொல்றேன் மேடம்," என்று உத்தமன் ஆரம்பித்தான். "எங்களுக்குக் கல்யாணமாயி பதினேழு வருசம். கொழந்த இல்ல. அத வுட்டுட்டோம், அது ஒரு பக்கம். இவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்ததுக்கு அப்பால தள்ளிப் போச்சு. வாந்தி வேற. மெடிக்கல்ல அந்த அட்டை வாங்கியாந்தேன். ஒரு கோடு தான் வந்துச்சு, இல்லன்னு அர்த்தம். ஆனா வாந்தி நிக்கல. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. அதுல கீதுன்னு வந்துச்சு!"

"அட்டையில இல்ல, ரத்தத்துல இருக்குன்னு வந்துச்சா?"

"ஆமா. அட்டையெல்லாம் நம்பாதீங்க, ரத்தத்துல தான் சரியா தெரியும்னாங்க. எனுக்குக் கையி காலு ஓடல. எங்கம்மா தெருவெல்லாம் சாக்லேட் குட்த்துட்டு வந்துடுச்சு. அப்பால ஸ்கேன் எடுத்தா ஒண்ணியும் தெர்ல. இன்னும் சின்னதா இருக்கும்னாங்க. மறுபடி ரத்தம், மறுபடி ஸ்கேன். ரத்தத்துல கீது, ஸ்கேன்ல இல்ல. அப்ப கொழந்த கருக்கொழாய்ல மாட்டிகினு கீது, வுட்டா இவ உசுருக்கே ஆபத்துன்னு சொல்லி ஊசி போட்டாங்க."

சுரேகா தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

"ஊசி போட்டும் ரத்தத்துல வர்ற அந்த நம்பரு எறங்கல. அதே நம்பரு, கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. இப்ப இன்னா சொல்றாங்கன்னா, இது கொழந்தயே இல்ல, கேன்சருன்றாங்க. கர்ப்பத்துல வர்ற மாதிரி ஒரு கேன்சராம். வர்ற திங்கக்கெழம கீமோவாம்." அவன் குரல் உயர்ந்தது. "மொதல்ல கொழந்தன்றாங்க. அப்பால கொழாய்ன்றாங்க. இப்ப கேன்சருன்றாங்க. நீங்க காய்ச்சலுக்கு வந்து நிக்கிறீங்க. உள்ள இன்னா தான் மேடம் கீது?"

நான்கு மஞ்சள் குழிகளைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் இப்படியொரு கதை காத்திருக்கும் என்று எவாஞ்சலின் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது காய்ச்சல். கர்ப்பமும் புற்றுநோயும் அவள் வேலை இல்லை. ஆனாலும் உத்தமன் சொன்னதில் ஏதோ ஒன்று அவளைப் பிடித்து இழுத்தது. எது என்று பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலைங்க," என்றவள் சுரேகாவிடம் திரும்பினாள். "உங்க ரத்தத்துல எங்க சோதனை நாலு காய்ச்சலும் இருக்குன்னு சொல்லுது. அது நடக்கவே முடியாத விஷயம். இன்னொரு தடவை ரத்தம் குடுத்தீங்கன்னா, ஏன்னு பாப்பேன். அதனால உங்களுக்கு ஏதாவது நல்லது நடக்குமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

சுரேகா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடங்கள் பச்சையும் ஊதாவுமாகக் கன்றியிருந்தன. மற்றொரு கையில்தான் நரம்பு கிடைத்தது.

"இதுலயும் எல்லாம் கீதுன்னு தான் வரும் மேடம்," என்றாள் சுரேகா. "என் ரத்தம் எதக் கேட்டாலும் கீதுன்னு தான் சொல்லுது."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு எவாஞ்சலினின் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆவடியில் பஸ் மாறினாள். அம்பத்தூர் ஓ.டி. தாண்டும்போதுதான் அவளுக்குச் சட்டென்று அது உறைத்தது.

அவளுடைய சோதனை வேலை செய்யும் விதம் எளிது. குழியின் அடியில் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதம் ஒன்று ஒட்டியிருக்கும். ரத்தநீரில் கிருமி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதன் மேல் நிறம் காட்டும் இன்னொரு ஆன்டிபாடியை ஊற்றினால் அது கிருமியின் மறுபக்கத்தைப் பிடிக்கும். நடுவில் கிருமி இருந்தால்தான் இரண்டும் சேரும், குழி மஞ்சளாகும். இரண்டு ஆன்டிபாடியும் சுண்டெலியிடமிருந்து எடுத்தவை. ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

சுரேகாவின் உடம்பு எலியின் புரதத்தையே எதிரியாக நினைத்து ஒரு ஆன்டிபாடியை உண்டாக்கி வைத்திருந்தால்? அது ஒரு கையால் கீழே இருப்பதையும் மறு கையால் மேலே வருவதையும் பிடித்துக்கொண்டால்? நடுவில் கிருமியே தேவையில்லை. டெங்கு வேண்டாம், எலிக்காய்ச்சல் வேண்டாம். வெறும் பிடிப்பிலேயே எல்லாக் குழியும் மஞ்சளாகும். இப்படிச் சிலருக்கு இருப்பதை அவள் படித்திருக்கிறாள். அதைத் தடுக்கத்தான் எல்லாச் சோதனையிலும் கொஞ்சம் எலியின் ரத்தநீரையும் கலந்து வைப்பார்கள். ஆனால் சுரேகாவிடம் அந்தக் கொஞ்சத்துக்கு அடங்காத அளவு இருந்தால்?

ரத்தத்தில் கர்ப்பம் பார்க்கும் சோதனையும் இதே மாதிரி இரண்டு ஆன்டிபாடி சோதனைதான்.

அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் சுரேகாவின் புது ரத்தநீரை இரண்டாகப் பிரித்தாள். ஒன்றை அப்படியே வைத்தாள். மற்றொன்றில் எலியின் ரத்தநீரைத் தாராளமாகக் கலந்தாள். சுரேகாவின் உடம்பில் அந்த ஆன்டிபாடி இருந்தால் கலந்த புரதத்தையே பிடித்துக் களைத்துப் போகட்டும், தட்டுக்கு வர மிச்சம் இருக்கக் கூடாது என்பது கணக்கு. காத்திருந்தாள். கலக்காத நான்கு குழிகளும் மஞ்சளாயின. கலந்த நான்கும் தண்ணீர் போலவே நின்றன.

ராகவனைக் கூப்பிட்டாள். அவர் தட்டை வெகு நேரம் பார்த்தார்.

"சரி. உங்க நாலு காய்ச்சலும் பொய்," என்றார். "நல்ல வேலை. நம்ம சோதனையில இன்னும் அதிகமாக் கலக்கணும். அதைச் செய்யுங்க."

"சார், அவங்களுக்குத் திங்கக்கிழமை கீமோ."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ராகவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க? கேன்சர் இல்லன்னா?"

"எனக்குத் தெரியாது சார். அந்த ரத்தச் சோதனையும் இதே காரணத்துல பொய்யா இருக்கலாம். சிறுநீர்ல பாத்தப்போ இல்லன்னு வந்திருக்கு. இந்த ஆன்டிபாடி பெருசு, சிறுநீரகத்தைத் தாண்டிப் போகாது. நிஜமாவே அந்தக் கர்ப்ப ஹார்மோன் இருந்தா சிறுநீர்லயும் தெரிஞ்சிருக்கணும்."

"மெடிக்கல் ஷாப் அட்டை. சரியாப் பண்ணாங்களோ என்னவோ. இன்னொண்ணு யோசிங்க. அந்த ஆன்டிபாடி இருக்குங்கறதுனாலேயே கட்டி இல்லன்னு ஆயிடுமா? ரெண்டும் இருக்கலாமே? நீங்க சொல்றதை நம்பி அவங்க கீமோவை நிறுத்தி, நிஜமாவே கட்டி இருந்துட்டா?"

அதே கேள்வியைத்தான் அவளும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எதுவும் தெரியாதவளாக இருந்தபோது இருந்த நிம்மதிகூட இப்போது இல்லை. பாதி தெரிந்துவிட்டது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கீழே ஷிப்ட் மாறும் சங்கு ஊதியது. ராகவன் எழுந்து கதவுவரை போனார். பிறகு திரும்பி நின்றார்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க டாக்டர்கிட்டப் பேசுங்க. முடிவுன்னு சொல்லாதீங்க, சந்தேகம்னு சொல்லுங்க. சந்தேகத்தைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கு."

புற்றுநோய் மருத்துவர் ரேஷ்மா, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். எவாஞ்சலின் காரணம் சொல்லாமல் கேட்க, உத்தமன்தான் போன் செய்து, இந்த மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தான். சனிக்கிழமை மத்தியானம் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நின்று நின்று ஊர்ந்த பஸ்ஸில் எவாஞ்சலின் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் சாப்பிடப் போகும் அவசரத்தில் இருந்தார்.

"நீங்க எம்.பி.பி.எஸ்ஸா?"

"இல்ல டாக்டர். இம்யூனாலஜியில பி.எச்டி. காய்ச்சல் கண்டுபிடிக்கிற சோதனை செய்யறோம்."

ரேஷ்மாவின் முகத்தில் பொறுமை மட்டும்தான் தெரிந்தது. எவாஞ்சலின் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். நான்கு குழிகள், எலியின் ரத்தநீர், அட்டையில் வந்த ஒற்றைக் கோடு. சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது ஒட்டாத துண்டுகளாகக் கேட்டது. முடித்தபோது டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு ரத்தத்துல அந்த ஹார்மோன் அளவு ஏறவே இல்ல," என்றார் ரேஷ்மா மெதுவாக. "அது எனக்கும் உறுத்திச்சு. கட்டின்னா ஏறணும். ஊசிக்குக் கேட்டிருந்தா இறங்கணும். அப்படியே நின்னுச்சு. எல்லா ஸ்கேனும் சுத்தமா இருந்துச்சு. எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சோம்."

"இருக்கவும் வாய்ப்பிருக்கு டாக்டர். நான் இல்லன்னு சொல்லல."

"நீங்க எதையுமே சொல்ல மாட்டேங்கறீங்க," என்று ரேஷ்மா சொன்னார். கோபமா கிண்டலா என்று எவாஞ்சலினுக்குப் புரியவில்லை. டாக்டர் மேசை போனை எடுத்து நர்ஸைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை கீமோவைத் தள்ளி வைக்கச் சொன்னார். சுரேகாவின் சிறுநீரை இங்கேயே பார்க்கவும், ரத்தத்தை வேறு ஆன்டிபாடி வைத்துச் சோதிக்கும் வேறொரு லேபுக்கு அனுப்பவும் சொன்னார்.

அடுத்த சில நாள் எவாஞ்சலின் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. தட்டில் ஊற்ற வேண்டியதை ஊற்ற மறந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்றபோது உட்கார்ந்திருந்தாள். தான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, சுரேகா நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இரண்டும் ஒன்றுதானா என்றுகூட அவளுக்குத் தெளிவாகவில்லை.

ரேஷ்மா போன் செய்தபோது பாடி மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். லாரி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு ஒரு கடைக்குள் ஓடினாள்.

"சிறுநீர்ல சுத்தமா இல்ல," என்றார் டாக்டர். "அந்த லேப்ல ரத்தத்துலயும் இல்ல. பூஜ்யம். நான் ரெண்டு தடவை பாக்கச் சொன்னேன். நாளைக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க. அந்த எலி விஷயத்தை எனக்குச் சொன்ன மாதிரி சொல்லாம கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க."

மறுநாள் ரேஷ்மாவின் அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

"கேன்சர் இல்லம்மா," என்றார் டாக்டர். "கீமோ வேண்டாம். இனிமே இங்க வரவே வேண்டாம்."

உத்தமன் எழுந்துவிட்டான். கையைக் கூப்பினான், சிரித்தான், பிறகு சிரிப்பு எங்கே போனதென்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கேட்டியா சுரேகா? ஒண்ணியும் இல்லியாம். ஒண்ணியுமே இல்லியாம்."

எவாஞ்சலின் தன்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். சோதனைக்குள் எலியிடமிருந்து எடுத்த பொருள் இருப்பதையும், சுரேகாவின் ரத்தத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஒன்று இருப்பதையும், அதனால் மெஷின் ஏமாந்துவிட்டதையும் சொன்னாள்.

"அது எப்டி மேடம் இவ ரத்தத்துல வந்துச்சு?" என்று கேட்டான் உத்தமன்.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. வீட்டுல எலி நடமாட்டம் இருந்தா வரலாம்."

"எலி இல்லாத ஊடு எங்க மேடம் கீது? எங்க தெருவுல எல்லாருக்கும் வரணுமே?"

"ஆமா. சில பேருக்கு எலியோட சம்பந்தமே இல்லாமலும் வருது. ஏன்னு சரியாத் தெரியல."

சுரேகா டாக்டரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப அந்த ஊசி?"

ரேஷ்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார். "அது தேவைப்படலம்மா. அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சதை வச்சுப் போட்டுட்டாங்க. அதனால வந்த வாய்ப்புண் ஆறிடும்."

"வாய்ப்புண்ண கேக்கல. கொழந்தயக் கரைக்கிற ஊசின்னு சொல்லித் தான் போட்டாங்க. போடலாமான்னு என்னத் தான் கேட்டாங்க. இவுரு வெளிய இருந்தாரு. நான் தான் போடுங்கன்னேன்."

"குழந்தையே இல்லையேம்மா."

"இப்ப இல்ல. அப்ப?"

"அப்பவும் இல்ல."

"மொதமொதல்ல ரத்தம் பாத்தாங்களே, அப்ப?"

"அப்பவும் இல்ல. எப்பவுமே இல்ல."

சுரேகா எவாஞ்சலினிடம் திரும்பினாள். "அப்ப எனுக்கு ஏன் மேடம் வாந்தி வந்துச்சு? ஏன் தள்ளிப் போச்சு? காத்தால எழுந்தா தல சுத்தும். சாம்பாரு வாசனையே ஆவல. அதுவும் எலியா?"

"இல்ல சுரேகா. இந்த ஆன்டிபாடியால உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. அது ஏன்னு... காய்ச்சல் வந்து போனதால இருக்கலாம். வயசும் ஒரு காரணமா இருக்கலாம். எனக்குத் தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

எவாஞ்சலின் டாக்டரைப் பார்த்தாள்.

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்," என்றாள் சுரேகா. குரல் உயரவில்லை. "ஊசி போட்ட அன்னிலேர்ந்து தூங்கல. அது இவுருக்குக்கூடத் தெரியாது. இப்ப நான் கொல்லல, அங்க ஒண்ணியுமே இல்லன்றீங்க. சந்தோசப்படணும் தான. எனுக்குத் தெர்ல மேடம். நான் இவ்ளோ நாளு எதுக்கு அழுதேன்னு எனுக்குப் புரியல."

உத்தமன் அவள் தோளில் கை வைத்தான். கையை எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

இனிமேல் எங்கே ரத்தம் கொடுத்தாலும், தன் ரத்தத்தில் இப்படியொன்று இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டர் சுரேகாவிடம் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் அவள் கார்மென்ட்ஸ் வேலைக்குத் திரும்பினாள். எவாஞ்சலின் தன் சோதனையில் எலியின் ரத்தநீரைக் கூட்டிக் கலந்து, முன்பு பார்த்த சாம்பிள்களையெல்லாம் மறுபடி பார்த்தாள். இன்னும் சில மஞ்சள்கள் மறைந்தன. இந்தச் சோதனை கிளினிக்குகளுக்குப் போயிருந்தால் இவர்களில் எத்தனை பேர் தேவையில்லாத மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தாள். வேறு சில, நியாயமாகப் பார்த்தால் மறைந்திருக்க வேண்டியவை, மறையவில்லை. அதற்கும் அவளிடம் காரணம் இல்லை. ராகவன் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம் ரத்தம் தேவைப்பட்டது. தயங்கித் தயங்கி சுரேகாவுக்கு போன் செய்தாள். "வாங்க மேடம், நாயித்துக்கெழம வாங்க," என்றாள் சுரேகா.

வாய்ப்புண் ஆறியிருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ரத்தம் எடுத்து முடிந்ததும், கொடுத்த டீயை எவாஞ்சலின் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் ஒரு தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். அறுபதை நெருங்கிய பெண். சுரேகாவுக்குக் கேன்சர் என்று கேள்விப்பட்டதிலிருந்து வாராவாரம் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவருபவள் என்று உத்தமன் சொன்னான்.

"இன்னாமே இது, ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு கீறாங்க," என்று வேம்புலியம்மாள் வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "உம் மாமியாரு சாக்லேட் குட்த்துச்சு. அப்பால கேன்சருன்னாங்க. இப்ப நீ வேலைக்குப் போயிகினு வந்துகினு கீற. எனுக்கு ஒண்ணியும் வெளங்கல. உனுக்கு இன்னா தான்டி ஆச்சு?"

உத்தமன் எவாஞ்சலினைப் பார்த்தான். எலியையும் ஆன்டிபாடியையும் இந்தம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எவாஞ்சலின் மனதுக்குள் வார்த்தை தேடினாள். அதற்குள் சுரேகா பேசிவிட்டாள்.

"கேன்சரெல்லாம் இல்லக்கா. அது தப்பா சொல்ட்டாங்க. கொழந்த தான். கலைஞ்சிபோச்சு."

வேம்புலியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ என் தாயி. எத்தினி வருசம் கழிச்சி வந்துச்சு." நகர்ந்து போய் சுரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுரேகா அந்தக் கையை விடவில்லை. சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள்.

வேம்புலியம்மாள் எவாஞ்சலினிடம் திரும்பினாள். "நர்ஸம்மாவா நீங்க? ஒடம்பு தேறிடும் தான?"

"தேறிடும்மா," என்றாள் எவாஞ்சலின்.

டீயை முழுக்கக் குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். உத்தமன் பெட்டியை வாங்கிக்கொண்டு மெயின் ரோடு வரை கூட வந்தான்.

"அப்டி தான் மேடம் சொல்லிகினு கீறா. எங்கம்மாகிட்டயும் அதான் சொன்னா. நீங்க சொன்னது எனுக்குப் புரிஞ்சிச்சு. அவளுக்கும் புரிஞ்சி தான் கீது. வேல செய்ற எடத்து டாக்டராண்ட எலி, ரத்தம்னு சரியா சொல்லி வச்சிகீறா. ஊட்டாண்ட மட்டும் இப்டி." அவன் நின்றான். "நானும் ஆமான்றதா? இல்ல, கம்முனு இருக்கறதா? எனுக்கே சில நேரம் தெர்ல மேடம். ஒரு கொழந்த இருந்து போன மாதிரியும் கீது. இல்லாத மாதிரியும் கீது."

எவாஞ்சலின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் என்றால் சட்டென்று சொல்லியிருப்பாள்.

"அழட்டும் அண்ணா," என்றாள் கடைசியில். "இப்போதைக்கு விட்டுடுங்க." சொன்னது சரிதானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆவடி போகும் ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. உத்தமன் கை காட்டி நிறுத்தினான். பெட்டியை அவள் மடியில் பத்திரமாக வைத்துவிட்டு, "பாத்துப் போங்க மேடம்," என்று சொல்லி வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தான்.